முதலில் வந்த பதில்

அத்தியாயம் பதினான்கு

தங்கப்பாண்டியன் போய்ச் சேர்ந்து இன்றோடு பதினாறு நாள்.

திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவன் காலை பத்தரை மணிக்கு வீடு திரும்பினான். வாசற்படியிலேயே மடங்கி உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். முப்பத்திரண்டு வயது. நாகஜோதியைக் கட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

சாவை விடவும் அந்த வீட்டில் ஆறாமல் கிடந்தது டாக்டர் கேட்ட ஒரு கேள்வி. "மருந்து உடம்புல ஏறுனதுக்கு வைத்தியம் இருக்கும்மா. மயக்கத்துல கிடந்தவருக்கு உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சது யாரு? எல்லாம் நுரையீரலுக்குள்ள போயிருச்சே."

கொடுத்தவள் நாகஜோதி. 'யாரு' என்று டாக்டர் ஒரு தடவை கேட்டதை, மாமியார் ராக்கம்மாள் பதினாறு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கருமாதிக்கு நேற்றே சின்னமனூரிலிருந்து வந்துவிட்டார்கள் மூத்தவன் சுருளிராஜனும் அவன் மனைவி பவானியும். காமயகவுண்டன்பட்டியில் அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குக் கீழே உட்கார்ந்து பவானி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தவசிப்பிள்ளை ஆட்களை வைத்துத்தான் சமையல். இருந்தாலும் கை சும்மா இருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அழுகை மூன்றாம் நாளோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பசி தெரியவில்லை. யாராவது கையில் காபியைக் கொடுத்தால் குடித்தாள். கொடுக்காவிட்டால் அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

"பவானி," என்று சுருளிராஜன் வந்து நின்றான். "தம்பி படத்துக்கு மாலை போடணும். பிரேம் போட்ட படம் நல்லாவே இல்லை, கண்ணு பாதி மூடியிருக்கு. பிரிண்ட் போட கம்பம் டவுனுக்கு ஆள் போறான். வேற போட்டோ இருந்தா ஜோதிகிட்ட வாங்கிக் குடு."

நாகஜோதி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பவானி கேட்டதும் தலைமாட்டுப் பைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள்.

"அன்னிக்கு இருந்து தொறக்கவே இல்லைக்கா. காலையிலதான் யாரோ சார்ஜ் போட்டு வச்சிருக்காக. எல்லாப் போட்டோவும் அதுலதான் கெடக்கு. நீங்களே பாத்து எடுங்க. எனக்குப் பாக்க முடியாது."

பவானி போனோடு கொட்டகைக்கு வந்தாள். கடைசியாகத் திறந்தவை வரிசையாகத் தெரிந்தன. படங்கள் இருக்கும் இடம் என்று நினைத்து எதையோ தொட்டாள்.

படம் வரவில்லை. ஒரு கேள்வி வந்தது. வாயால் கேட்டதை அந்தக் கருவி அப்படியே எழுத்தாக்கி வைத்திருந்தது.

'மருந்தடிச்ச மனுசனுக்கு வாயில கோழையா ஒழுகுது கண்ணு சொருகுது என்ன செய்ய.'

கீழே பதில். பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்குள்.

'பதற வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வையுங்கள். உள்ளே போன விஷம் வெளியே வந்துவிடும்.'

அதற்கும் கீழே, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணின் படம். 'எழுதியவர்: டாக்டர் மிருதுளா, எம்.பி.பி.எஸ்.'

பவானி ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படிக்கத் தேவையிருக்கவில்லை. அது அவள் எழுதியது.

அரிவாள்மனை பக்கத்தில் கிடந்தது. பாதி நறுக்கிய பூசணிக்காய் கிடந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் நறுக்கி முடித்தாள். நறுக்கியதை அண்டாவில் கொட்டினாள். பிறகு தேடி, தங்கப்பாண்டியன் சிரிக்கிற படம் ஒன்றை எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள்.

"நல்லா இருக்கு," என்றான் சுருளிராஜன்.

"ம்," என்றாள்.

*

பவானிக்கு ஆறு வருஷமாக இந்த வேலை. தேனியில் கார்த்திக்ராஜ் என்பவர் நடத்தும் இணையதளத்துக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுப்பாள். விவசாயம், உடம்பு, வீட்டு வைத்தியம், எதைக் கேட்டாலும் எழுதுவாள். ஒரு கட்டுரையிலும் அவள் பெயர் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் அது 'கம்ப்யூட்டர் வேலை'. தங்கப்பாண்டியன் மட்டும் சில சமயம் கேட்பான், "மதினி, இன்னிக்கு என்னத்தை எழுதுனீக?" என்று.

ஆரம்பத்தில் அந்த வேலைக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு சொற்றொடரைக் கொடுத்துவிடுவார்கள். அதை அப்படியே, எழுத்து மாறாமல், ஒரு கட்டுரையில் பதினோரு இடத்தில் வைக்க வேண்டும். தேடுகிறவர் அடிக்கிற வார்த்தையும் பக்கத்தில் இருக்கிற வார்த்தையும் பொருந்தினால்தான் தேடுபொறி அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் 'பூச்சிமருந்து விஷம் முதலுதவி' என்று கொடுத்தார்கள். அவளும் பதினோரு இடத்தில் வைத்தாள். எங்கெங்கோ கிடந்ததைப் படித்துப் பார்த்து எழுநூறு வார்த்தை எழுதினாள். உப்புத்தண்ணீர் விஷயம் அதில் எட்டாவது பத்தியிலோ ஒன்பதாவது பத்தியிலோ கிடந்தது. மனுஷன் படிக்கிற மாதிரி அது இல்லை. யாரும் படிக்கவும் இல்லை. நாலு வருஷத்தில் மொத்தம் நாற்பது பேர் வந்து பார்த்திருந்தார்கள்.

போன மாசம் கார்த்திக்ராஜ் கூப்பிட்டு எல்லாம் மாறிவிட்டது என்றார்.

"இப்ப அது வார்த்தையைப் பாக்குறதில்லைக்கா. அர்த்தத்தைப் பாக்குது. நீங்க 'தலைவலி'ன்னு எழுதியிருப்பீங்க. ஒருத்தர் 'மண்டை இடிக்குது'ன்னு கேப்பாரு. ரெண்டும் ஒன்னுதான்னு அதுக்குத் தெரியும். கோடிக்கணக்கான வரியைப் படிச்சுப் படிச்சு, எந்தப் பேச்சு எந்தப் பேச்சுக்குப் பக்கத்துல வரும்னு கத்து வச்சிருக்கு. கேட்ட கேள்விக்கு அர்த்தத்துல எது ரொம்பப் பக்கத்துல இருக்கோ, அதை எடுத்துக் குடுக்கும்."

"அப்ப பதினோரு தடவை எழுத வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். ஆளு எப்படிக் கேப்பாரோ அப்படி ஒரு கேள்வி. அதுக்கு நேரா, முதல் ரெண்டு வரியில பதில். சுத்தி வளைக்கக் கூடாது. பழைய பக்கம் எல்லாத்தையும் அப்படி மாத்திக் குடுங்க."

அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷிக்குப் பதில் சொல்வதுபோல எழுதலாம். ஒவ்வொரு பழைய கட்டுரையாக எடுத்தாள். எங்கோ உள்ளே புதைந்து கிடந்த பதிலை வெளியே இழுத்து மேலே வைத்தாள். தூய தமிழையெல்லாம் உடைத்துச் சமையலறைப் பேச்சாக ஆக்கினாள். இந்தக் கட்டுரைக்கு இருபது நிமிஷம் கூட ஆகவில்லை. எட்டாவது பத்தியில் கிடந்ததை எடுத்து முதல் வரியாக வைத்தாள். சரியா என்று பார்க்கவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

நாகஜோதி கேட்ட கேள்வியில் 'பூச்சிமருந்து' இல்லை. 'விஷம்' இல்லை. 'முதலுதவி' இல்லை. பழைய முறையாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டே இருக்காது.

*

வாசலில் அய்யர் வந்து மந்திரம் தொடங்கியிருந்தார். பவானி கிணற்று மேட்டுப் பக்கம் போய்த் தன் போனில் கார்த்திக்ராஜைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சொல்லுங்க. இன்னிக்குத்தானே விசேஷம்? வரணும்னு நெனச்சேன்..."

"அந்த மருந்து விஷப் பக்கத்தை எடுத்துருங்க."

"எது? முதலுதவியா? ஏங்க்கா? இந்த மாசம் நம்ம சைட்ல அதுதான் முதல்ல நிக்குது. பதில் கட்டத்துலயே நம்மளத்தான் காட்டுது."

"அது தப்பு. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆளைக் கொன்னுரும்."



"சரி, கீழ ஒரு வரி சேத்துருவோம். 'மருத்துவரை அணுகவும்'னு."

"அதுல ஒரு டாக்டரம்மா படம் இருக்கே, யாரு அது?"

"அதுவா..." கார்த்திக்ராஜ் குரல் இறங்கியது. "உடம்பு சம்பந்தமா எழுதுனா, எழுதுனவுங்களுக்குத் தகுதி இருக்கான்னு தேடுபொறிக்காரங்க பாக்குறாங்கக்கா. அதுக்காகப் போன மாசம் ஒரு பேரு போட்டோம். படம் மெசின் வரைஞ்சது. அப்படி ஆளே கெடையாது."

கொழுந்தன் செத்தது இதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை.  

"நான் அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள்.

அடுத்து ஜெபஷீலாவைக் கூப்பிட்டாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். இப்போது மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மருத்துவமனையில் நர்ஸ். மருந்தடிக்கிற ஆட்கள் நடுவிலேயே பதினோரு வருஷமாக வேலை. மலையில் சிக்னல் கிடைக்காது என்பார்கள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மருந்து ஏறிப்போய் ஒருத்தர் விழுந்துட்டா என்ன செய்யணும் ஷீலா? ஒன்னொன்னா சொல்லு. எழுதிக்கிறேன்."

ஜெபஷீலா முதலில் ஏன் என்று கேட்கவில்லை. சொன்னாள். "மொதல்ல நூத்தியெட்டுக்குப் போன். வாயில ஒன்னும் குடுக்கக் கூடாது. தண்ணி, பால், உப்பு, புளி எதுவும் ஆகாது. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மருந்து பட்ட துணியைக் கழட்டிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவணும். கழுவுறவங்க வெறுங்கையால தொடக் கூடாது. ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். மருந்து டப்பாவை மறக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எதுக்கு, உன் கட்டுரைக்கா? எழுதுறதுக்கு முன்னாடி இப்படிக் கேட்டுட்டு எழுதுறது நல்லதுப்பா. எப்ப வேணும்னாலும் கூப்பிடு."

நாலு வருஷத்துக்கு முன்னாலும் ஜெபஷீலா அங்கேதான் இருந்தாள். இதே நம்பர்தான்.

பவானி கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தளத்துக்குள் நுழைந்து, பழைய இரண்டு வரியை அழித்தாள். ஜெபஷீலா சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். சேமித்தாள். புதுப் பக்கம் வந்துவிட்டது.

பிறகு நாகஜோதியின் போனை எடுத்து, அவள் கேட்ட மாதிரியே, அதே சொற்களில் கேட்டாள்.

இனிமையான ஒரு பெண்குரல் பதில் சொன்னது. "பதற வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பை..."

அணைத்தாள். பக்கம் மாறிவிட்டாலும் தேடுபொறி மறுபடி வந்து படித்துக்கொள்கிற வரைக்கும் அது முன்பு எடுத்து வைத்ததையே சொல்லும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

*

பந்தி முடிந்து, தூரத்து உறவெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியபோது மணி இரண்டரை. மிச்சமிருந்தது வீட்டு ஆட்கள்தான். நாகஜோதியின் அண்ணன் முத்துராஜா தேவதானப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தான். தங்கச்சியைக் கூட்டிப்போக வந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்தவள் ராக்கம்மாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போப்பா. இங்கன இனி அவளுக்கு என்ன இருக்கு? எம் மகன் வாயில உப்புத்தண்ணிய ஊத்தி அனுப்பி வச்சுட்டா. வேலை முடிஞ்சிருச்சு."

"அத்தே, வார்த்தையைப் பாத்துப் பேசுங்க," என்றான் முத்துராஜா. "அவ வேணும்னா செஞ்சா?"

"டாக்டர் சொன்னாக. நான் சொல்லல. அந்தத் தண்ணியக் குடுக்காம இருந்திருந்தா எம் மகன் இன்னிக்குத் திராட்சைப் பந்தலுக்கு அடியில நிப்பான். யாரு குடுத்தது? சொல்லச் சொல்லு, யாரு குடுத்தது?"

நாகஜோதி சுவரோரம் தலைகுனிந்து நின்றாள். பதினாறு நாளில் இந்தக் கேள்விக்கு அவள் ஒரு பதிலும் சொன்னதில்லை.

"அத்தே," என்றாள் பவானி.

தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"ஜோதி மேல தப்பு இல்லை. அவ போன்ல கேட்டிருக்கா. உப்புத்தண்ணி குடுன்னு போன் சொல்லியிருக்கு. அதை எழுதுனது நான்."

யாருக்கும் விளங்கவில்லை. சுருளிராஜன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"என்னத்த எழுதுன?" என்றாள் ராக்கம்மாள்.

"போன்ல ஒன்னு கேட்டா பதில் வருதுல்ல அத்தே? அது தானாச் சொல்லாது. யாராச்சும் எழுதி வச்சிருப்பாக. அதுல இருந்து எடுத்துத்தான் சொல்லும். அன்னிக்கு ஜோதிக்குச் சொன்னது நான் எழுதுனதை."

ராக்கம்மாள் மூத்த மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்ல அத்தே."

"பெறகு ஏன் எழுதுன?"

அதற்கு என்ன சொல்ல? எழுதச் சொன்னார்கள் என்றா? எல்லோரும் எழுதுகிறார்கள் என்றா? 

சுருளிராஜன் அவள் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஒனக்குப் பித்தா? என்ன பேசுற?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"உள்ளதோ இல்லாததோ, அங்கன நிக்கிறது ஜோதியோட அண்ணன். நாளைக்கு ஸ்டேஷன்ல போய் நின்னான்னா என்ன ஆகும்? என் வேலை என்ன ஆகும்? செத்தவன் என் தம்பிடி. எனக்கு இல்லாத வலியா ஒனக்கு?" அவன் கண் கலங்கியிருந்தது. "ஓரகத்திய ஏசுறது பொறுக்காம அப்படிச் சொல்லிப்புட்டேன்னு சொல்லிரு. போ. நம்புவாக. இப்பவே பாதிப் பேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காக."

அவன் சொன்னது உண்மைதான். வெளியே ராக்கம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள், "பாவம், அவளுக்கும் புத்தி கலங்கிருச்சு. கொழுந்தன்னா உசிரு அவளுக்கு." அந்த நேரத்தில் 'ஆமா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும்.

பவானி கணவனைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள்.

*

நாகஜோதி பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பவானி அவள் போனைப் பாய் மேல் வைத்தாள்.

"நெசமாவாக்கா?"

"நெசம்தான்."

"அதுல ஒரு டாக்டரம்மா படம் இருந்துச்சே."

"அப்படி ஒரு டாக்டரே இல்ல ஜோதி."

நாகஜோதி கையிலிருந்த சேலையைப் பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேன்க்கா," என்றாள். "மொத வாட்டி கேட்டப்ப வேற ஒன்னு வந்துச்சு. 'மாசுபட்ட ஆடைகளை அகற்றி சுவாசப் பாதையை உறுதி செய்யவும்'னு என்னமோ வாசிச்சுச்சு. ஒன்னும் வெளங்கல. எதை அகத்த, எதை உறுதி செய்ய? அவரு அங்கன இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. அதான் நம்ம பேச்சுல இன்னொரு வாட்டி கேட்டேன். அப்பத்தான் நீங்க எழுதுனது வந்துச்சு. 'பதற வேண்டாம்'னு ஆரம்பிச்சுச்சு. சொம்பு, கல்லுப்புன்னு நம்ம வீட்டுல ஒருத்தி பக்கத்துல நின்னு சொல்றாப்புல இருந்துச்சு. சட்டுனு வெளங்குச்சு. வெளங்கவும் செஞ்சுட்டேன்."

முதலில் வந்ததுதான் சரியான பதில். அது புரியவில்லை. இரண்டாவது வந்தது நன்றாக எழுதப்பட்டிருந்தது.

இதைக் கேட்டால் உடைந்து அழுதுவிடுவோம் என்று பவானி எதிர்பார்த்தாள். காத்திருந்தாள் என்றே சொல்லலாம். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ அண்டாவைக் கழுவும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னையத் திட்டு ஜோதி. அடிக்கணும்னா அடி."

"எனக்கு ஒன்னும் வர மாட்டேங்குதுக்கா. ஒங்க மேல கோவங்கூட வர மாட்டேங்குது." நாகஜோதி நிமிர்ந்தாள். "இப்ப கேட்டா என்ன சொல்லுது அது?"

"மாத்திட்டேன். ஆனா இன்னும் பழசையேதான் சொல்லுது. ரெண்டு மூணு நாளு ஆகும்."

"அதுக்குள்ள வேற எவளாச்சும் கேட்டா?"

பவானி பாய் மேல் கிடந்த போனைப் பார்த்தாள்.

"நாளைக்கு முத்துப்பேச்சியக்கா தோட்டத்துல மருந்தடிக்கிறாக. பந்தியில பேசிக்கிட்டாக. அதுக்கு மறுநா மேலத் தோட்டம்." நாகஜோதி பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வாங்க."

"எங்க?"

"சொல்லிட்டு வருவோம். போன் பதிலைக் கேக்காதீகன்னு."

வாசலுக்கு வந்ததும் முத்துராஜா எழுந்தான். "கெளம்பிட்டியா? பை எங்க?"

"இருண்ணே. ஒரு சோலி இருக்கு. முடிச்சுட்டு வந்து பேசுறேன்."

"ஏலே, புருசன் செத்த பதினாறாம் நாளு தெருவுல எறங்குறாளே!" ராக்கம்மாள் குரல் ஓங்கியது. "ஊரு என்ன பேசும்? ஏடி, நில்லு!"

நாகஜோதி நின்றாள். திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

"யாரு குடுத்ததுன்னு தெனமும் கேட்டீகல்ல அத்தே. நான்தான் குடுத்தேன். அதைத்தான் சொல்லப் போறேன். இன்னொருத்தி குடுக்கக் கூடாதுல்ல?"

 சுருளிராஜன் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பவானி அவனைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நாகஜோதியின் பின்னால் இறங்கினாள்.

முத்துப்பேச்சியின் வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. தெருவில் வெயில் அடங்கவில்லை. எதிரே டவுன் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் நாகஜோதியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

பவானியின் போன் அதிர்ந்தது. கார்த்திக்ராஜ் அனுப்பியிருந்தார்.

'அக்கா, அந்தப் பக்கத்தை நீங்க மாத்தியிருக்கீங்க போல. டாக்டர் பேருல இருக்கறதை இப்படித் திடீர்னு மாத்துனா நம்ம இடம் இறங்கிரும். பழசையே திரும்பப் போட்டுட்டேன். உங்க லாகினையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. விசேஷம் முடிச்சுட்டு வாங்க, திங்கட்கிழமை பேசுவோம்.'

தெரு நடுவில் நின்று அதைக் கடைசி வரை படித்தாள்.

அதற்குள் நாகஜோதி இரும்புக் கேட்டைத் தட்டிவிட்டாள். முத்துப்பேச்சி ஈரக்கையோடு ஓடி வந்தாள். யார் என்று பார்த்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"ஆத்தாடி, நீ எதுக்குத்தா வெளிய வந்த? சொல்லி விட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"ஒரு விசயம் சொல்லணும்க்கா. நாளைக்கு மருந்தடிக்கிற ஆளுகளையும் கூப்பிடுங்க. நின்னு கேக்கட்டும்."

உள்ளேயிருந்து இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தான். நாகஜோதி கேட்டைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் பவானியிடம். "எழுதுன மாதிரியே வெளங்கச் சொல்லுங்க."

பவானி போனை இடுப்பில் செருகினாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் பேரு பவானி," என்று தொடங்கினாள். "நான் டாக்டர் இல்ல."